காணவில்லை: உலகம் யாரைத் தேடுகிறது?

பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண், உடன்படித்தவர்களோடு வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறார். ஊர் திரும்ப வேண்டிய நாளில் அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. பெட்டியும் பாஸ்போர்ட்டும் விடுதி அறையில் இருக்கின்றன. 2005 மே 30 அன்று கரீபியன் கடலில் உள்ள அரூபா தீவில் இது நடந்தது. பெண்ணின் பெயர் நாடலி ஹாலோவே. வயது 18. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மவுண்டன் புரூக் என்னும் வசதியான ஊரைச் சேர்ந்த வெள்ளையினப் பெண்.

செய்தி கிடைத்த அன்றே அவருடைய தாய் தனி விமானத்தில் அரூபாவில் போய் இறங்கினார். அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். நெதர்லாந்து கடற்படை வீரர்கள் ஐம்பது பேர் கரையோரத்தைச் சலித்தார்கள். அகச்சிவப்புக் கருவி பொருத்திய எஃப்-16 விமானங்கள் தீவின் மேல் பறந்தன. அரூபா அரசு ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு விடுப்பு கொடுத்துத் தேடுதலுக்கு அனுப்பியது. ஒரு குளத்தின் நீரை இறைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் தீவிலேயே தங்கி மாதக்கணக்கில் ஒளிபரப்பின. போதிய ஒத்துழைப்பு இல்லை என்று குற்றம்சாட்டிய அலபாமா ஆளுநர், அரூபாவுக்கு யாரும் சுற்றுலா போக வேண்டாம் என்று அறிவித்தார். சுற்றுலாவை நம்பி வாழும் தீவு அது.

சமூகப் பணி படிக்கும் மாணவர்களிடம் பேசும்போது நாங்கள் இந்த வழக்கை எடுத்து வைப்பதுண்டு. எல்லா இடத்திலும் ஒரே எதிர்வினைதான் வரும்: "வெள்ளைக்காரப் பொண்ணு, பணக்காரப் பொண்ணு, அதான் இவ்வளவும்." இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்த வழக்கிலிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒரு தாய் தன் மகளைத் தேடியதில் குற்றமில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் தேடுவாள். அவளுக்குத் திறந்த கதவுகள் மற்றவர்களுக்கு ஏன் திறப்பதில்லை என்பதுதான் நம் கேள்வி.

அதே ஆண்டு, அதே நாடு

நாடலியைத் தேடும் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்த 2005 ஜூலையில் பிலடெல்பியா நகரில் லடோயா ஃபிகரோவா என்ற 24 வயதுப் பெண் காணாமல் போனார். கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர். ஐந்து மாதக் கர்ப்பிணி. தேசியத் தொலைக்காட்சிகள் கண்டுகொள்ளவில்லை. வலைப்பதிவர்கள் சேர்ந்து, "அரூபாவுக்குக் கொடுத்த நேரத்தில் கொஞ்சம் இந்தப் பெண்ணுக்கும் கொடுங்கள்" என்று கேட்டுப் பிரச்சாரம் செய்த பிறகுதான் கேமராக்கள் திரும்பின. ஆகஸ்டில் அவருடைய உடல் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் டமிகா ஹஸ்டன் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண் காணாமல் போயிருந்தார். அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவர் மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். செய்தியாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எதை அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர். அவராலேயே தேசிய ஊடகங்களின் கவனத்தைப் பெற முடியவில்லை. தொழில் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் போக்குக்கு 2004-இல் ஒரு பெயர் கிடைத்தது. கறுப்பினப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில், வெள்ளையர் அல்லாத பத்திரிகையாளர்கள் கூடிய மாநாட்டில், இதைக் 'காணாமல் போன வெள்ளைப் பெண் நோய்க்குறி' என்று கேலியாகச் சொன்னார். கேலி நிலைத்துவிட்டது. இன்று பாடப் புத்தகங்களிலும் ஆய்வுகளிலும் அந்தச் சொல்லே புழங்குகிறது.

ஊடகம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்குக் குற்றவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. நார்வே நாட்டின் நில்ஸ் கிறிஸ்டி 1986-இல் எழுதிய கட்டுரை அது. சமூகம் யாரைத் தயக்கமின்றிப் 'பாதிக்கப்பட்டவர்' என்று ஏற்றுக்கொள்கிறது என்று அவர் கேட்டார். அந்த ஆள் பலவீனமானவராக இருக்க வேண்டும். மரியாதைக்குரிய காரியத்தில் ஈடுபட்டிருக்க வேண்டும். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தார் என்று யாரும் பழி சொல்ல முடியாதபடி இருக்க வேண்டும். குற்றவாளி பெரிய, கெட்ட ஆளாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவனாக இருக்க வேண்டும். நோயாளிச் சகோதரியைப் பார்த்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும் மூதாட்டியை அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். கடைசியில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: தன் குறையை ஊர் கேட்கும்படி சொல்ல, அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது செல்வாக்கு வேண்டும். பலவீனமாகவும் இருக்க வேண்டும், குரலும் இருக்க வேண்டும்.

நாடலி நள்ளிரவில் மதுக்கூடத்திலிருந்து, அன்றோ முந்தைய நாளோ அறிமுகமான இளைஞர்களோடு காரில் போனவர். கிறிஸ்டியின் பட்டியலில் பாதிக்கு மேல் அவருக்குப் பொருந்தாது. இருந்தும் அவரை உலகம் தேடியது. தேடியது சரிதான், மதுக்கூடத்துக்குப் போனதால் யாருடைய உயிரும் மலிவாகிவிடாது. ஆனால் அந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். நிறமும் வர்க்கமும் சரியாக அமைந்துவிட்டால் 'அங்கே ஏன் போனாள்' என்ற கேள்வியின் சத்தம் குறைந்துவிடுகிறது. அமையாத இடத்தில் விசாரணையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

முதலில் கைதானவர்கள் யார்?

இந்த வழக்கில் நம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அன்றிரவு நாடலியோடு காரில் போனவர்கள் யோரான் வான் டெர் ஸ்லூட் என்ற 17 வயது டச்சு இளைஞரும் அவருடைய இரு நண்பர்களும். யோரானின் தந்தை நீதிபதி பதவிக்குப் பயிற்சி பெற்றுவந்தவர். தாய் தீவில் இறங்கிய சில மணி நேரத்திலேயே யோரானின் பெயரைப் போலீசிடம் கொடுத்துவிட்டார். மூவரும் ஒரு கதை சொன்னார்கள்: பெண்ணை விடுதி வாசலில் இறக்கிவிட்டோம்; காவலாளி போலக் கறுப்புச் சட்டை போட்ட, கருநிற மனிதர் ஒருவர் அவளை நெருங்கினார்.

ஜூன் 5 அன்று போலீஸ் முதலில் கைது செய்தது இரண்டு பேரை. இருவரும் ஒரு விடுதியில் காவலாளிகளாக வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள். ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்து, எந்த ஆதாரமும் இல்லாமல் ஜூன் 13 அன்று விடுவித்தார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய பெயர்கள் உலகம் முழுக்க ஒளிபரப்பாயின. அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எந்தத் தொலைக்காட்சியும் கேமராவோடு போய் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை.

இது நமக்குப் புதிய கதையா? ஊரில் திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் வரும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிறகு நடந்தது இது. யோரான் கைதாகி விடுதலையானார். மீண்டும் கைதானார், மீண்டும் விடுதலை. 2010-இல், உடல் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டுகிறேன் என்று நாடலியின் தாயிடம் 2,50,000 டாலர் கேட்டு, 25,000 டாலரை வாங்கிக்கொண்டு பெரு நாட்டுக்குப் போனார். அங்கே 2010 மே 30 அன்று, அதாவது நாடலி காணாமல் போய்ச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, லீமாவில் 21 வயதுப் பெண் ஒருவரைக் கொன்றார். அதற்காக 2012-இல் 28 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பணம் பறித்த வழக்கில் 2023 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோதுதான் நாடலியைக் கடற்கரையில் அடித்துக் கொன்று கடலில் தள்ளியதையும் சொன்னார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எஃப்-16 பறந்தும், உலக ஊடகம் குவிந்தும், உண்மை வெளிவர 18 ஆண்டுகள் ஆயின. வெளிச்சம் விழுந்துவிட்டால் நீதி தானாக வரும் என்று நம்பும் தோழர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். முதல் சில நாட்களில் சரியான ஆளைச் சரியாக விசாரிப்பது வேறு, ஆரவாரம் வேறு. ஆரவாரத்தின் முதல் பலிகள் அந்த இரண்டு காவலாளிகள்.

நொய்டாவில் இரண்டு தேடல்கள்

அரூபா செய்திகளில் அடிபட்ட அதே 2005, 2006 ஆண்டுகளில் டெல்லியை ஒட்டிய நொய்டாவின் நிதாரி கிராமத்தில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். பிழைப்பு தேடி வந்து குடிசைகளில் தங்கியிருந்த கூலித் தொழிலாளர்களின், வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள். பெற்றோர் போலீசிடம் போனார்கள். "ஓடிப்போயிருக்கும்", "சொந்தக்காரங்க வீட்டுல பாருங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2006 டிசம்பர் இறுதியில் ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்டன.

எலும்புகள் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2006 நவம்பரில், அதே நொய்டாவில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் தலைமை அதிகாரியின் 3 வயது மகன் கடத்தப்பட்டான். செய்தித் தொலைக்காட்சிகள் இடைவிடாமல் காட்டின. காவல்துறை முழுமூச்சாக இறங்கியது. சில நாட்களில் குழந்தை பத்திரமாக வீடு திரும்பியது. அந்தக் குழந்தை மீண்டதில் நமக்கு மகிழ்ச்சிதான். தேடத் தெரியாத போலீஸ் அல்ல அது, தேடத் தெரிந்த போலீஸ்தான் என்பதை அந்தச் சில நாட்கள் நிரூபித்துவிட்டன.

நிதாரி வழக்கின் முடிவும் தெரிந்துகொள்ள வேண்டியது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த வழக்குகளில் வீட்டு உரிமையாளரையும் வேலைக்காரரையும் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. புலனாய்வு மோசமாக நடந்தது என்று கடுமையாகக் கண்டித்தது. ஆக, அந்தக் குழந்தைகளைக் கொன்றவர் யார் என்பதற்குச் சட்டத்தின் முன் இன்று பதில் இல்லை. அரூபாவின் கொலைகாரன் வாயைத் திறந்த அதே மாதத்தில் நிதாரியின் கோப்பு பெரும்பாலும் வெறுங்கோப்பானது.

தமிழ்நாட்டிலும் பார்த்தோம். 2016 டிசம்பர் இறுதியில் அரியலூர் மாவட்டத்தில் காணாமல் போன பதின்வயது தலித் சிறுமியின் உடல், 2017 பொங்கல் நாளில் கிணற்றில் மிதந்தது. இடையில் இரண்டு வாரங்கள். தாய் காவல் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு வாரங்கள்.

ஹால் டிக்கெட் புகைப்படம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தாயோடு நாங்கள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். காலனியைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. பக்கத்து டவுனில் துணிக்கடை வேலைக்குப் போன 19 வயது மகள் வீடு திரும்பவில்லை. முதல் கேள்வியே, "யார்கூடப் போனா?" என்றுதான் வந்தது. அடுத்தது, "போன்ல யார்கிட்டம்மா பேசுவா? உனக்குத் தெரியாம இருக்குமா?" பிறகு, "ரெண்டு நாள் பாரு, வந்துடுவா." நான்காம் நாள்தான் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

போட்டோ கேட்டார்கள். பெண்ணின் படங்கள் எல்லாம் அவள் போனில் இருந்தன. போன் அவளோடு போய்விட்டது. வீட்டில் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் ஒன்றுதான். ஜெராக்ஸ் கடையில் அதைப் பெரிதாக்கினோம். பாதி முகத்தின் மேல் முத்திரை விழுந்திருந்தது. நாடலியின் சிரித்த முகத்தை நாங்கள் அமெரிக்காவுக்குப் போகாமலே அறிவோம். இந்தப் பெண்ணின் முகத்தை அவளுடைய மாவட்டத்துக் காவலர்களுக்குக்கூட எங்களால் சரியாகக் காட்ட முடியவில்லை.

பதினோராம் நாள் அவள் திரும்பி வந்தாள். அதிகச் சம்பளம் என்று வேறு மாநிலத்துக்குக் கூட்டிப்போன தரகர் போனைப் பிடுங்கி வைத்திருந்தார். ஒரு லாரி ஓட்டுநரின் உதவியால் ஊர் வந்து சேர்ந்தாள். நிலையத்தில் சொன்னார்கள்: "நாங்கதான் சொன்னோம்ல, வந்துடுவான்னு." தரகர் மீது வழக்கு இல்லை. அவள் தானாகத் தப்பி வந்ததே அவர்கள் தேடாமல் இருந்ததற்கு நியாயமாகிவிட்டது.

இதில் எங்கள் குற்றமும் ஒன்று உண்டு. அந்தப் பத்து நாளும் நாங்கள் முகநூலில் ஒரு வரி எழுதவில்லை. பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று குடும்பம் பயந்தது, நாங்களும் தயங்கினோம். அந்தப் பயம் பொய்யில்லை. காணாமல் போன தலித் பெண்ணின் படத்தைப் பொதுவில் போட்டால் கீழே என்னென்ன பின்னூட்டங்கள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் திரும்பி வந்த பிறகும் அந்தப் படம் அவளை விடாது. ஊடகப் பிரச்சாரம் எல்லோருக்கும் ஒரே ஆயுதம் இல்லை.

ஆனால் நம் இயக்கங்களின் பழக்கத்தையும் கொஞ்சம் யோசிப்போம். உடல் கிடைத்த மறுநாள் நாம் சாலை மறியலுக்கு வருகிறோம். பிணவறை வாசலில் உட்காருகிறோம். உடலை வாங்க மறுக்கிறோம். அதெல்லாம் தேவையான போராட்டங்கள்தான். உயிரோடு இருந்திருக்கக்கூடிய அந்த முதல் இரண்டு நாட்களில் நாம் எங்கே இருந்தோம்? இறந்தவர்களுக்கு நீதி கேட்கப் பழகிய அளவுக்கு, காணாமல் போனவர்களைத் தேடப் பழகவில்லை.

சுற்றுலா விசாவில் போனவர்கள்

விடுமுறைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகள் நம் தெருக்களில் குறைவு. ஆனால் காகிதத்தில் சுற்றுலாப் பயணிகளாகப் போகிறவர்கள் உண்டு. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதியைச் சுற்றிப்போகத் தரகர்கள் சுற்றுலா விசா எடுத்து அனுப்புகிறார்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். மீட்டு வரப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இப்படிப் போகிறவர் காணாமல் போனால் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படுவது, "சுற்றுலா விசாவுல எதுக்குப் போனாரு?" இங்கேயும் தேடலுக்கு முன்னால் பழிதான் வருகிறது. தனி விமானம் வேண்டாம். தூதரகத்துக்கு எப்படிப் புகார் அனுப்புவது என்று தெரிந்த ஒரு ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தால்கூடப் போதும். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' இணையதளம் அதற்காகவே இருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

முதல் நாளில் செய்ய வேண்டியவை

அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஊடகத்தைத் திட்டிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. டமிகா ஹஸ்டன் வழக்கின் பாடத்தால் 2008-இல் இரு பெண்கள், ஒருவர் காவல் பணி அனுபவம் உள்ளவர், மற்றவர் மக்கள் தொடர்புத் துறைக்காரர், சேர்ந்து 'பிளாக் அண்ட் மிஸ்ஸிங் ஃபவுண்டேஷன்' தொடங்கினார்கள். காணாமல் போன கறுப்பினத்தவரின் படங்களைப் பரப்புவது, குடும்பத்தோடு காவல் நிலையத்துக்குப் பேசுவது எல்லாவற்றையும் அவர்களே செய்கிறார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் காணாமல் போகும் கறுப்பினப் பெண்களுக்கும் இளையவர்களுக்குமான 'எபோனி அலர்ட்' அறிவிப்பு முறை 2024 ஜனவரி முதல் சட்டமாக இருக்கிறது.

நமக்கும் கையில் சில கருவிகள் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் காணவில்லை என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே உத்தரவிட்டது. சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு ஈடல்ல, வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வழி தருகிறது. மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். சந்தேகப்படும் ஆள் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர் என்றால் புகாரிலேயே அதை எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே அலட்சியம் செய்யும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று அதன் 4-ஆவது பிரிவு சொல்கிறது. ஆட்கொணர்வு மனு போட வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. குழந்தை என்றால் 1098 எண்ணுக்கும் அழையுங்கள்.

ஒவ்வொரு காலனியிலும் இரவு பத்து மணிக்கும் நிலையத்துக்குக் கூட வரக்கூடிய நான்கு பேர், அவர்களில் ஒரு பெண், ஒரு வக்கீலின் எண். இதை ஒரு மாதத்தில் ஏற்படுத்த முடியும். இதற்குத் தலைவர்களின் அனுமதி தேவையில்லை.

அரசியலில் ஆளுக்கொரு வாக்கு, ஒரே மதிப்பு. சமூக வாழ்வில் அந்தச் சம மதிப்பு மறுக்கப்படுகிறது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். ஒரு மனிதர் காணாமல் போகும் நாளில் அந்த மதிப்பு எவ்வளவு என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது.

நாடலியைத் தேடியது போல எல்லோரையும் தேட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. யாருக்கும் குறைத்துக் கொடுக்கச் சொல்லவில்லை. அதுவரை நம் வீட்டுப் பிள்ளைகளின் தெளிவான புகைப்படம் ஒன்றையாவது அச்சிட்டு வீட்டில் வைப்போம். அந்த ஹால் டிக்கெட் இன்னும் எங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது.